சீட்டில் சமோவா வந்தால்: தூரத்து நாட்டுத் தலைவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிப் பேசவைப்பது எப்படி

தாராவியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தமிழ்ப் பேச்சுப் போட்டி நடக்கும். பிஸ்கட் டப்பாவில் நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். கையில் வருகிற நாட்டின் அரசியல் தலைவர் ஒருவரைப் பற்றி ஏழு நிமிடம் பேச வேண்டும். இந்த முறை என் அக்கா பேத்தி கையில் வந்தது சமோவா. இரும்பு ஏணியில் தடதடவென்று ஏறி மாடி அறைக்கு வந்தவள், சீட்டை என் முன்னால் வைத்து, “ஆச்சி, இப்படி ஒரு நாடு இருக்கா? பிரான்ஸ் வந்த பையன் மாத்திக்கிடலாம்ங்கான். மாத்திரட்டுமா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொன்னேன். 33 ஆண்டுகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். பிரான்ஸ் வந்த பிள்ளை ஏற்கெனவே கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கிவிடும். சமோவா வந்த பிள்ளை படித்துத்தான் ஆக வேண்டும். மூன்று வாரம் இருவரும் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேறு நாடு வந்தாலும் வழி இதுதான்.

முதல் நாளே பேச்சை எழுத விடாதீர்கள். அட்லஸை விரியுங்கள். நியூசிலாந்திலிருந்து வடகிழக்கே விரலை நகர்த்தினால் பசிபிக் கடலுக்கு நடுவில் இரண்டு பெரிய தீவுகள்: உப்போலு, சவாயி. உப்போலுவில் தலைநகர் ஆப்பியா. மொத்தம் சுமார் இரண்டு லட்சம் பேர். “நம்ம தாராவியிலேயே இதைவிட அதிகம் பேர் இருக்கோமே!” என்றாள். அந்த வரியை நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பேச்சின் முதல் நிமிடத்துக்கு அது உதவியது.

வரைபடத்திலேயே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிட வேண்டும். பக்கத்தில் ‘அமெரிக்கன் சமோவா’ என்று இன்னொன்று இருக்கும். அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி, நம் கதைக்குச் சம்பந்தமில்லை. நம் சமோவாவுக்கு 1997 வரை ‘மேற்கு சமோவா’ என்றுதான் பெயர், அதனால் பழைய புத்தகங்களில் அந்தப் பெயரில் தேட வேண்டும். அப்புறம் தேதிகள். சமோவா முன்பு சர்வதேச தேதிக்கோட்டின் கிழக்குப் பக்கம் இருந்தது. 2011 டிசம்பரில் 30-ஆம் தேதியையே விட்டுவிட்டு மேற்குப் பக்கம் தாண்டிவிட்டது. அதற்கு முந்தைய சம்பவங்களுக்கு நியூசிலாந்துச் செய்தியில் ஒரு தேதியும் சமோவாச் செய்தியில் ஒரு தேதியும் இருந்தால், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது, யாரைப் பற்றிப் பேசுவது? எங்கள் முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். நாட்டின் முதல் பிரதமர். 1998-இலிருந்து 22 ஆண்டுகள் பிரதமராக இருந்த துயிலாஎப்பா. அவருக்குப் பிறகு வந்த ஃபியாமே நவோமி மத்தாஅஃபா. இந்த மூன்றாமவர் முதல் பிரதமரின் மகள், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர். “முதல் பெண் பிரதமர்னு ஆரம்பிச்சா கைதட்டுவாங்கல்லா?” என்றாள். தட்டுவார்கள். ஆனால் ‘முதல் பெண்’ என்ற சொல்லை எந்த நாட்டுத் தலைவிக்கும் ஒட்டிவிடலாம். அதை எடுத்துவிட்டாலும் இவருடைய கதை நிற்க வேண்டும். அப்படி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன்.

பெயரை வாய்க்குப் பழக்குவது

பேச்சுப் போட்டியில் பிள்ளை தடுக்கி விழுவது பெரும்பாலும் பெயரில்தான். பெயருக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சமோவா மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து நேராகத் தமிழில் எழுதினால் தப்பாகிவிடும். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

ஆங்கில எழுத்தில் ‘ஜி’ என்று வருகிற இடத்தில் சமோவாக்காரர்கள் சொல்வது ‘ங’. வேறு பல மொழிகளுக்கு இதை எழுத இரண்டு எழுத்து வேண்டும். நமக்கு ஒரே எழுத்து தயாராக இருக்கிறது. அரிச்சுவடியில் க, ங என்று படித்ததோடு சரி, ‘ங’வைத் தனியாக எழுத நமக்குச் சந்தர்ப்பமே வருவதில்லை. ஃபியாமேயின் தொகுதியை எழுதும்போது வந்தது: லொத்தோஃபாஙா. ‘லோடோஃபகா’ இல்லை. அவள் அந்த ஒரு எழுத்தை நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டு வைத்தாள். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் ‘ங’ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பிள்ளை அதை ஆசையாக எழுதி அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது, ‘த’. நம் வாயில் நடுவில் வருகிற ஒற்றைத் ‘த’ மெலிந்துவிடும், ‘மாதா’வில் வருகிற மாதிரி. அவர்களுடையது வல்லினம். அதனால் ‘த்தா’ என்று இரட்டிப்பாக எழுதினால்தான் பிள்ளை சரியாகச் சொல்லும். மூன்றாவது, சொல்லுக்கு நடுவில் மேற்கோள் குறி மாதிரி ஒன்று வரும். அங்கே மூச்சை ஒரு நொடி வெட்டிவிட்டு அடுத்த உயிரெழுத்தைத் தொடங்க வேண்டும். ஆகவே மத்தா-அஃபா. அரிசி டப்பா மேல் விரலால் தட்டி, தட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பத்துத் தடவையில் வந்துவிட்டது.

பெயரில் எதைச் சொல்லி அழைப்பது என்பதும் முக்கியம். ‘ஃபியாமே’ என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை, குடும்பம் கொடுத்த பட்டம். வைத்த பெயர் நவோமி. சமோவாவில் அவரை ஃபியாமே என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்ல வேண்டும். அவருடைய அப்பாவுக்கும் அதே பட்டம் இருந்ததால், பேச்சில் அவர் வரும்போதெல்லாம் ‘தந்தை’ என்று சொல்லிவிட்டால் கேட்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது.

இங்கே ஒரு சின்ன விஷயம். இங்கிலீஷ் மீடியப் பிள்ளைகள் தமிழில் எழுதும்போது ‘அவள் பிரதமர் ஆனாள்’ என்று எழுதிவிடுவார்கள். ‘அவர்’தான். பதினெட்டு வயதில் நடந்ததைச் சொல்லும்போதும் ‘அவர்’தான். நடுவில் மாற்றக் கூடாது.

பட்டம் என்றால் என்ன?

சமோவாக்காரர் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால், ‘மத்தாய்’ என்றால் என்ன என்று கேட்பவருக்குப் புரியவைக்காமல் நகரவே முடியாது. மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. இதற்கு நேரம் செலவழியுங்கள்.

பல வீடுகள் சேர்ந்த பெரிய குடும்பத்துக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருக்கும். அந்தப் பட்டத்தைச் சுமக்க ஒருவரைக் குடும்பமே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கும். அவர்தான் மத்தாய். குடும்பத்து நிலத்துக்கு அவர் பொறுப்பு. ஊர்க்கூட்டத்தில் குடும்பத்தின் சார்பாக உட்காருவதும் அவர்தான். நாட்டு நிலத்தில் சுமார் 80 சதவீதம் இப்படிக் குடும்பங்களின் வழிவழி நிலம், அதை விற்க முடியாது. ஆணும் மத்தாய் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வேண்டுமானால் மத்தாயாக இருக்க வேண்டும். 1990 வரை ஓட்டுப்போடும் உரிமையே பொதுவாக மத்தாய்களுக்குத்தான் இருந்தது. அந்த ஆண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தி, 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று மாற்றினார்கள்.

இவ்வளவையும் படித்துக்காட்டியபோது அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. அப்போது பரிவட்டத்தைச் சொன்னேன். ஊரில் கோவில் கொடை நடக்கும்போது யார் தலையில் முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதற்கு எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன! அது ஒரு முழத் துணிதான். ஆனால் அதைக் கட்டிக்கொண்டவர் தன் ஒருவருக்காகக் கட்டிக்கொள்ளவில்லை, பின்னால் நிற்கிற மொத்தக் குடும்பத்துக்காகவும் கட்டிக்கொள்கிறார். என் மாமனார் இறந்தபோது என் கணவருக்கு 24 வயது. மும்பையில் மில் வேலை. நாகர்கோவில் வண்டி ஏறிப் போனவர், பங்காளிகளுக்குள் முதல் மரியாதை வழக்கு வந்துவிட்டதால் ஏழு மாதம் திரும்ப முடியவில்லை. திரும்பி வந்தபோது வேலையில் வேறு ஆள் இருந்தார். இந்தக் கதை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். “அப்போ மத்தாய்னா தாத்தாவோட பரிவட்டம் மாதிரியா?” என்று கேட்டாள். அந்த இடத்தில் கதவு திறந்துவிட்டது.

ஆனால் ஒப்புமை சொன்னால், அது எந்த இடத்தில் பொருந்தாது என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். பரிவட்டம் வருஷத்துக்கு ஒரு நாள். மத்தாய் வருஷம் முழுவதும். பரிவட்டம் நம் பக்கத்தில் அப்பாவிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். மத்தாய் பட்டத்தை அப்பா வைத்திருந்தார் என்பதற்காக மகனுக்கோ மகளுக்கோ தானாகக் கொடுத்துவிட மாட்டார்கள், குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டும். பட்டத்திலும் நிலத்திலும் தகராறு வந்தால் விசாரிக்கவே தனியாக ‘நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றம்’ என்று ஒன்று இருக்கிறது. இந்த நீதிமன்றத்தை மட்டும் சிவப்பு மையில் எழுதிவைக்கச் சொன்னேன். ஏன் என்று பின்னால் தெரியும்.

இன்னொன்று, பேசப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. மத்தாய்களில் ஒரு பிரிவினர் பேச்சுக்கென்றே இருப்பவர்கள், ‘துலாஃபாலே’ என்று பெயர். சபையில் ஆளுயரக் கோலை ஊன்றி, தேங்காய் நாரில் முடைந்த கவரி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, தலைவருக்காக எழுந்து பேசுவார்கள். அப்படிப் பேசுகிற மொழி வேறு, வீட்டில் பேசுகிற மொழி வேறு. வீட்டுப் பேச்சில் ‘த’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். மேடைத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவில் தவிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைக் கேட்டதும் ஒரு ஆறுதல் வருகிறது.

வயதை முதலில், வருஷத்தைப் பிறகு

இப்போதுதான் வாழ்க்கைக் குறிப்பு. நோட்டில் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் வயது, வலது பக்கம் சம்பவம் எழுதச் சொன்னேன். வருஷத்தை ஓரத்தில் சின்னதாக. ‘1975’ என்று சொன்னால் கேட்பவர் மனசில் ஒன்றும் நிற்காது. ‘பதினெட்டு வயது’ என்று சொன்னால் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பதினெட்டு வயதை நினைத்துக்கொள்வார்.

எங்கள் பக்கம் இப்படி வந்தது. ஃபியாமே 1957 ஏப்ரல் 29 அன்று ஆப்பியாவில் பிறந்தார். அப்போது சமோவா ஐ.நா. ஏற்பாட்டில் நியூசிலாந்தின் பொறுப்பில் இருந்தது. அவருக்கு 2 வயதானபோது தந்தை பிரதமர். 1962 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை பெற்றபோது அவர் நாலரை வயதுக் குழந்தை. தாயார் லாஉலு ஆசிரியர், பிறகு அவரும் நாடாளுமன்றத்துக்குப் போனார். மகளைச் சின்ன வயதிலேயே வெலிங்டனில் படிக்க அனுப்பினார்கள். அவருடைய 18 வயதில் தந்தை பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார், 1975 மே மாதம். தந்தையின் பட்டங்களுக்கு யார் வாரிசு என்று வழக்கு வந்தது. பல்கலைக்கழகப் படிப்பு நின்றுபோய் ஊருக்குத் திரும்பினார். 20 வயதில் ‘ஃபியாமே’ பட்டம் அவருக்கு வந்தது. 1985-இல், 27 வயதில், லொத்தோஃபாஙா தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1991-இல் அந்த நாட்டின் முதல் பெண் அமைச்சர்.

தந்தை வழித் தாத்தாவையும் ஒரு வரியில் சொல்லலாம். நியூசிலாந்து ஆட்சிக்கு எதிராக நடந்த ‘மாவ்’ அறப்போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் அவர். 1929 டிசம்பர் 28 அன்று ஆப்பியாவில் அமைதியாக ஊர்வலம் போனவர்கள் மேல் காவல்துறை சுட்டது, ‘கறுப்பு சனிக்கிழமை’ என்பார்கள். அவள் இதையே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது வேறொரு பேச்சு. எடுக்கச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள் என்று அந்தத் தாளை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அமைச்சர் பதவிகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். கல்வித்துறையில் 15 ஆண்டுகள், பிறகு பெண்கள் மற்றும் சமூக மேம்பாடு, பிறகு நீதித்துறை, 2016-இல் துணைப்பிரதமர். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் ஒன்றை மறைக்காதீர்கள்: இந்த 29 ஆண்டுகளும் அவர் ஆளுங்கட்சிக்காரர், மனித உரிமைப் பாதுகாப்புக் கட்சி. பின்னால் யாரை எதிர்த்து நின்றாரோ, அதே துயிலாஎப்பாவின் அமைச்சரவையில் இருந்தவர். “இதைச் சொன்னா மார்க் குறையாதா?” என்று அவள் பயந்தாள். சொல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது.

சிவப்பு மை

2020-இல் அரசாங்கம் மூன்று மசோதாக்கள் கொண்டுவந்தது. நிலம் மற்றும் பட்டங்கள் நீதிமன்றத்தை உச்சநீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து எடுத்துத் தனி நீதிமன்ற அமைப்பாக ஆக்குவதுதான் அவற்றின் சாரம். சட்டத்தின் ஆட்சி இதனால் பலவீனப்படும் என்று சொல்லி, 63 வயதில், துணைப்பிரதமர் பதவியை ராஜினாமா செய்தார் ஃபியாமே. மசோதாக்கள் அந்த டிசம்பரில் நிறைவேறிவிட்டன.

இந்தச் சம்பவத்தை நோட்டில் எழுதிவிட்டு, சிவப்பு மையில் எழுதியதைத் திருப்பிப் பார் என்றேன். பார்த்தாள். பிறகு மேலே 18 வயதைப் பார்த்தாள். படிப்பை நிறுத்தி வரவைத்தது பட்ட வழக்கு. துணைப்பிரதமர் பதவியை விடவைத்தது பட்ட வழக்குகளை விசாரிக்கிற நீதிமன்றத்தைப் பற்றிய சட்டம். நடுவில் 45 வருஷம். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் சேர்த்து ஒரு அம்புக்குறி போட்டாள்.

பேச்சுக்கு அந்த அம்புக்குறிதான் முதுகெலும்பு. ஒருவருடைய வாழ்க்கையில் நூறு சம்பவம் இருக்கும். அதில் ஒன்றையொன்று கூப்பிடுகிற இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் முதலிலேயே எழுத விடாதீர்கள் என்று சொன்னேன். முதல் நாளே எழுதியிருந்தால் ‘முதல் பெண் பிரதமர்’ என்று தொடங்கி, பதவிகளின் பட்டியலில் முடிந்திருக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: அந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லி விட்டுவிட வேண்டும். ‘இளவயதில் பட்ட வழக்கால்தான் பின்னாளில் ராஜினாமா செய்தார்’ என்று நாமாக அவர் மனசுக்குள் புகுந்து காரணம் எழுதக் கூடாது.

5.1 என்ற கணக்கு

2021 ஜனவரியில் அவர் ஃபாஸ்ட் என்ற புதுக் கட்சியில் சேர்ந்தார். லாஅவுலி என்பவர் முந்தின ஆண்டு தொடங்கியது. கடவுள்மேல் நம்பிக்கை, சமோவா ஒன்று என்று பொருள் தருகிற நீண்ட பெயரின் சுருக்கம். மார்ச்சில் ஃபியாமே அதன் தலைவர். ஏப்ரல் 9 தேர்தல். மொத்தம் 51 இடம். ஆளுங்கட்சிக்கு 25, ஃபாஸ்டுக்கு 25, ஒரு சுயேச்சை.

இங்கே நம் மக்களுக்கு விளக்கமே வேண்டாம். சுயேச்சை ஒருவர் கையில் ஆட்சி என்றால் டீக்கடையில் நிற்பவருக்கும் புரியும். புரியாதது அடுத்தது. நாடாளுமன்றத்தில் பத்து சதவீதமாவது பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். ஜெயித்த பெண்கள் ஐந்து பேர். 51-இல் பத்து சதவீதம் 5.1. ஐந்து என்பது பத்து சதவீதத்தை எட்டவில்லை என்று சொல்லி, தேர்தல் ஆணையர் ஆளுங்கட்சிப் பெண் ஒருவரை ஆறாவதாகச் சேர்த்தார். இப்போது 26-25. சுயேச்சை ஃபாஸ்டில் சேர்ந்தார், 26-26. ஆட்சி அமைக்க முடியவில்லை, மே 21 அன்று மறுதேர்தல் என்று நாட்டுத்தலைவர் (நம் குடியரசுத் தலைவர் மாதிரி, பிரதமர் வேறு) அறிவித்தார். மே 17 அன்று உச்சநீதிமன்றம் அந்த ஆறாவது இடமும் செல்லாது, மறுதேர்தலும் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

“பொம்பளைங்களுக்காகப் போட்ட சட்டத்த வச்சே பொம்பளைய வரவிடாம பண்ணிட்டாங்களா ஆச்சி?” என்று கோபமாகக் கேட்டாள். அந்தக் கோபத்தோடு எழுதவும் செய்தாள். நான் மேல்முறையீட்டைத் தேடிப் படிக்கச் சொன்னேன். மேல்முறையீட்டு நீதிமன்றம், குறைந்தபட்சம் ஆறு பெண்கள்தான், ஆனால் தேர்தல் வழக்குகளும் இடைத்தேர்தல்களும் முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஆணையரின் கணக்கு சரி, போட்ட நேரம் தப்பு. அவள் அந்தப் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். மேடையில் ஒரு கரும்பலகை வைத்து ‘5.1’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பேச நினைத்தாள். போட்டியில் அனுமதி இல்லை என்றார்கள். விரலை விரித்து ஐந்து காட்டி, மற்ற கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினாள். கரும்பலகையைவிட அது நன்றாக இருந்தது.

பூட்டிய கதவு

ஏழு நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை 2021 மே 24-க்குக் கொடுங்கள். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தேர்தல் நடந்து 45 நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்பது சட்டம். 45-ஆவது நாள் மே 24, திங்கட்கிழமை. சனிக்கிழமை இரவு நாட்டுத்தலைவர் கூட்டத்தை நிறுத்திவைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமோவாவில் ஞாயிறு என்றால் தேவாலயம் மட்டும்தான், நாடே அடங்கியிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சநீதிமன்றம் கூடி, நிறுத்திவைத்தது செல்லாது என்றது. திங்கட்கிழமை காலை முலினுஉ என்ற இடத்தில் இருக்கிற நாடாளுமன்றத்துக்கு ஃபியாமே தன் கட்சிக்காரர்களோடு வந்தார். கதவு பூட்டியிருந்தது. தலைமை நீதிபதி அங்கியும் நீதிபதிகள் அணியும் பொய்முடியுமாக வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கூட்டம் துதிப்பாடல் பாடியது. சாயங்காலம், பூட்டிய கட்டடத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு கூடாரத்துக்கு அடியில் ஃபியாமேயும் அவருடைய உறுப்பினர்களும் பதவிப்பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் முதலில் இதை, ‘ஜனநாயகத்தின் கதவுகள் மூடப்பட்டன’ என்று எழுதியிருந்தாள். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று மாற்றச் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணு, அப்புறம் ‘கூடாரம் போட்டார்கள்’ என்று சொல் என்றேன். தாராவியில் இருக்கிறவர்களுக்குக் கூடாரத்தை விளக்க வேண்டியதில்லை. கல்யாணம், சாவு, கூட்டம் எல்லாம் நாங்கள் தெருவில் பந்தல் போட்டுத்தான் நடத்துகிறோம்.

இரண்டு மாதம் பிரதமர் நான்தான் என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாரத்தில் எடுத்த பிரமாணம் செல்லும், அன்றிலிருந்தே ஃபாஸ்ட் கட்சிதான் அரசாங்கம் என்று தீர்ப்பளித்தது.

எந்த இடத்தில் நிறுத்துவது?

அவளுக்கு அங்கேயே முடித்துவிட ஆசை. கைதட்டல் வாங்குகிற இடம்தான். ஆனால் இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையனுக்குப் பழைய பத்திரிகை ஒன்றைப் பார்த்துப் பேச்சு எழுதிக் கொடுத்தேன். தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போய்விட்ட தலைவரை, இன்றும் ஆள்கிறார் என்று அந்தப் பிள்ளை மேடையில் சொன்னான். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து திருத்தினார். அவன் அதற்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. அதிலிருந்து, போட்டிக்கு முந்தின வாரம் அந்தத் தலைவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று பார்க்காமல் யாரையும் நான் மேடைக்கு அனுப்புவதில்லை.

பார்த்தோம். கதை முடியவில்லை. ஆட்சிக்கு வந்ததும், சீனக் கடனில் பத்துக் கோடி டாலர் செலவில் வர இருந்த துறைமுகத் திட்டத்தை ஃபியாமே கைவிட்டார். சின்ன நாட்டுக்கு இவ்வளவு கடன் தாங்காது என்பது அவர் சொன்ன காரணம். 2024 அக்டோபரில் காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு ஆப்பியாவில் நடந்தது. 2025 ஜனவரியில் கட்சியின் நிறுவனர் லாஅவுலியை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். கட்சி ஃபியாமேயை நீக்கியது. சிறுபான்மை அரசாங்கமாக இரண்டு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களைத் தாண்டினார். மே 27 அன்று பட்ஜெட் 34-க்கு 16 என்று தோற்றது. நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லி, புதுக் கட்சி தொடங்கி ஆகஸ்ட் 29 தேர்தலைச் சந்தித்தார். அவருடைய கட்சிக்குக் கிடைத்தது மூன்று இடம். லாஅவுலி பிரதமரானார்.

“இதைச் சொன்னா பேச்சு சோகமா முடியுமே?” என்றாள். நாலே வரியில் சொல், குரலை இறக்காதே, காரணம் தேடாதே என்றேன். அவள் எழுதிய கடைசிப் பத்தி இது: “வீட்டுக்காகப் படிப்பை விட்டார், 18 வயதில். சட்டத்துக்காகப் பதவியை விட்டார், 63 வயதில். பட்ஜெட் தோற்றபோது மக்களிடம் போனார், மக்கள் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் ஃபியாமே நவோமி மத்தாஅஃபா. அவர் ஊர் லொத்தோஃபாஙா.” நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

ஒத்திகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் பிள்ளைகள் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 சொல் வரும், ஆகவே ஏழு நிமிடத்துக்கு 550 சொல்லுக்கு மேல் எழுத விடாதீர்கள். மனப்பாடம் செய்ய வாக்கியமாகக் கொடுக்காமல், ஒரு அஞ்சலட்டையில் வயதுகளை மட்டும் எழுதிக் கொடுங்கள்: 2, 18, 20, 27, 63, 64, 68. வயதைப் பார்த்ததும் சம்பவம் நாக்கில் வரும். காலையில் தண்ணீர் வருகிற நேரத்தில், குடத்துச் சத்தத்துக்கும் மோட்டார் சத்தத்துக்கும் நடுவில் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தில் தடுமாறாத பிள்ளை மேடை மைக்கில் தடுமாறாது.

போட்டியன்று நான் முதல் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கைப்பை மேல் விரல் வைத்திருந்தேன். மத்தா என்று அவள் சொன்னதும் ஒரு தட்டு. நின்றாள். அஃபா.